கரண்ட் போறதுக்குள்ள சேவ் ஆகணும்

ஏற்காட்டுல நாகலூர் பக்கம் எங்க வீடு. ஐப்பசி மழை பிடிச்சா கரண்ட் எப்ப போகும் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது, சில்வர் ஓக் கிளை ஒண்ணு ஒயர் மேல சாஞ்சா போதும், இந்தப் பக்கம் முழுக்க இருட்டு. என் லேப்டாப் அண்ணன் காலேஜ்ல வெச்சிருந்தது, பேட்டரி செத்து ரெண்டு வருஷம் ஆச்சு, ப்ளக்ல சொருகி இருந்தா தான் ஓடும், கரண்ட் போன அந்த செகண்டே ஸ்க்ரீனும் போயிடும். அதனால ஒரு கேம் எப்படி இருக்குன்னு யாராவது கேட்டா கிராபிக்ஸ், கதை எல்லாத்துக்கும் முன்னாடி நான் பாக்கறது அது எப்படி சேவ் ஆகுதுங்கறதத்தான். ரொம்ப வருஷமா இப்படியே விளையாடி இதுல எனக்குன்னு ஒரு உறுதியான கருத்து வந்துடுச்சு, அத இன்னிக்கு எழுதிடறேன்.

முதல்ல ஸ்டார்ட்யூ வேலி, தோட்டம் வெச்சு விவசாயம் பண்ற கேம். 2016ல வந்தது, எரிக் பரோன்னு ஒரே ஆள் நாலரை வருஷம் உக்காந்து படம், மியூசிக், கோட், வசனம் எல்லாத்தையும் தானே பண்ணாரு. இதுல நடுவுல சேவ் கிடையாது, கேம்ல ராத்திரி கட்டில்ல போய் படுத்தா தான் சேவ் ஆகும். காலைல 6 மணில இருந்து நடுராத்திரி 2 மணி வரைக்கும் ஒரு நாள், நம்ம கணக்குல அது சுமார் 14 நிமிஷம். அப்ப கரண்ட் போனா அதுக்கு மேல நஷ்டம் இல்ல. ஆனா அந்த 14 நிமிஷமும் சில நாள் வலிக்கும், ஒரு தடவ ஸ்கல் கேவர்ன்ங்கற குகைல நல்ல ஆழம் வரைக்கும் இறங்கி பை நிறைய இரிடியம்ங்கற உலோகக் கல்லு அள்ளிட்டு வீட்டுக்குத் திரும்பற நேரம் பாத்து கரண்ட் போச்சு, அன்னிக்கு சாப்பாடே இறங்கல. இருந்தும் இந்த முறை எனக்குப் பிடிக்கும், ஏன்னா ஒரு நாள் முடிஞ்சா முடிஞ்சது தான், நேத்திக்கிப் போய் திருத்திட்டு வர முடியாது.

அப்பா ஒரு நாள் பின்னாடி நின்னு பாத்துட்டு இருந்தாரு. நான் கேம்ல காப்பிச் செடி நட்டிருந்தேன். அதுல காப்பிச் செடி 10 நாள்ல காய்க்கும், அப்பறம் ரெண்டு நாளுக்கு ஒரு தடவ பறிக்கலாம், அஞ்சு கொட்டைய பீப்பாய்ல போட்டா கேம் கணக்குல ரெண்டு மணி நேரத்துல காப்பி ரெடி. "கண்ணு, பத்து நாள்லயா?"ன்னாரு. எங்க தோட்டத்துல அராபிகா நட்டா மூணு நாலு வருஷம் ஆகும் முதல் காய் பாக்க, மாசி பங்குனில ஒரு மழை விழுந்தா தான் பூக்கும், அது தப்பினா அந்த வருஷமே தப்பு, பூத்தப்பறம் எட்டு ஒம்போது மாசம் காத்திருக்கணும், அப்பறம் பறிச்சு, பல்ப் பண்ணி (பழத்தோல நீக்கி), ஊற வெச்சு, கழுவி, களத்துல காய வெச்சுன்னு அது ஒரு தனி வேலை. இதெல்லாம் இல்லாம காப்பி எப்படி வரும்னு அவருக்கு நிஜமாவே சந்தேகம். ஆனா போகல, அன்னிக்கு கேம்ல மூணு நாள் முடியற வரைக்கும் நின்னு பாத்தாரு.

ஹாலோ நைட் (2017, ஆஸ்திரேலியால அடிலெய்ட்ல இருக்கற டீம் செர்ரி) நான் விளையாடினதுலயே அழகான கேம்னு தயங்காம சொல்லுவேன். அந்த மழை பெய்யற சிட்டி ஆஃப் டியர்ஸ்ல முதல் தடவ நுழைஞ்சப்ப எங்க தகரக் கூரை மேலயும் மழை, எது ஹெட்ஃபோன்ல கேக்குது எது வெளியன்னு தெரியல, கொஞ்ச நேரம் எதையும் அமுக்காம அப்படியே உக்காந்திருந்தேன். ஆனா வழில அங்கங்க உக்காரறதுக்கு வெச்சிருக்கற பெஞ்ச் விஷயத்துல எனக்கு வருத்தம் உண்டு. செத்தா கடைசியா உக்காந்த பெஞ்ச்ல தான் எந்திரிப்போம், அங்க இருந்து பாஸ் (பெரிய எதிரி) இருக்கற ரூம் வரைக்கும் திரும்ப நடக்கணும், நம்ம காசு செத்த எடத்துலயே நம்ம நிழல் கிட்ட கெடக்கும். 2025 செப்டம்பர் 4ல வந்த அதோட அடுத்த பாகம் சில்க்சாங்லயும் அதே தான், லாஸ்ட் ஜட்ஜ்ங்கற பாஸ் கிட்ட தோத்துட்டு அந்த மணல் பாறை எல்லாம் தாண்டி திரும்பத் திரும்பப் போனது எனக்கு எந்த வித்தையும் கத்துத் தரல. பாஸ் கஷ்டமா இருக்கட்டும், அம்பது தடவ தோக்கறேன், அது நியாயம். நடக்கற நேரம் மட்டும் என்னோடது, அத ஏன் எடுத்துக்கணும்? செலஸ்ட் (2018) அதவிட கஷ்டமான எடமெல்லாம் வெச்சிருக்கு, ஆனா விழுந்த அடுத்த நொடி அதே ஸ்க்ரீன்லயே நிக்க வெச்சுடும்.

என் லேப்டாப்ல ஓடாததெல்லாம் சேலத்துல அம்மாப்பேட்டைல சித்தப்பா வீட்டுல தான் விளையாடுவேன், தம்பி கிட்ட நல்ல கிராபிக்ஸ் கார்ட் போட்ட பிசி இருக்கு. சனிக்கிழமை காலைல மலைல இருந்து பஸ் பிடிச்சு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போனா சித்தி சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கி வெச்சிருப்பாங்க, நாங்க ரூம விட்டு வெளிய வர மாட்டோம். அங்க தான் கிங்டம் கம் டெலிவரன்ஸ் (2018) பாத்தேன். அதுல நெனச்ச நேரத்துக்கு சேவ் பண்ணணும்னா சேவியர் ஷ்னாப்ஸ்னு ஒரு சாராயம் குடிக்கணும், அது காசு குடுத்து வாங்கணும் இல்ல காய்ச்சணும், நெறைய குடிச்சா போதை வேற. இல்லன்னா சொந்தக் கட்டில்ல தூங்கணும். எதுக்கு இப்படி வெச்சாங்கன்னு எனக்குப் புரிஞ்சுது, ஒவ்வொரு சண்டைக்கும் பயந்து யோசிச்சுப் போக வெக்குது, ஹீரோ ஹென்றி ஒரு சாதாரண கொல்லன் பையன்ங்கறது நம்ம கைல தெரியுது. ஆனா ஆரம்பத்துல அத விட்டு எந்திரிச்சுப் போகணும்னா கூட வழி இல்லாம இருந்துச்சு, பின்னாடி தான் சேவ் பண்ணிட்டு வெளிய போற வசதிய பேட்ச்ல (அப்டேட்ல) குடுத்தாங்க, அந்த சேவ் ஒரு தடவ தான் செல்லும். அது ரொம்ப சரியான திருத்தம்.

தம்பி பால்டர்ஸ் கேட் 3 விளையாடறத பாத்தா எனக்கு மனசு கேக்காது. அதுல பல விஷயம் டைஸ் உருட்டித் தான் முடிவாகும். யார் கிட்ட பேசறதுக்கு முன்னாடியும் எஃப்5 அமுக்கி சேவ், டைஸ் தப்பா விழுந்தா எஃப்8 அமுக்கி பழைய சேவ லோட், திரும்ப உருட்டு. ஒரு கதவுக்கு பதினோரு தடவ லோட் பண்ணான். "அண்ணா, சேவ் குடுத்துருக்காங்கல்ல, அப்ப யூஸ் பண்ணா என்ன?"ங்கறான். அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. ஆனா அத பண்ண லாரியன் கம்பெனி அந்த 20 முகக் கட்டைய எதுக்கு நம்ம கண்ணு முன்னாடி உருட்டிக் காட்டுது, விழறது விழட்டும்னு தானே? தோத்தாலும் அதுக்குன்னு தனியா காட்சி எழுதி வெச்சிருக்காங்க, அத அவன் பாத்ததே இல்ல. அதனால நாங்க ரெண்டு பேரும் சேந்து ஹானர் மோட் ஆரம்பிச்சோம், 2023 நவம்பர் கடைசில பேட்ச்ல வந்தது, ஒரே ஒரு சேவ், அதுவா எழுதிக்கும், பின்னாடி போக முடியாது. முதல் ஆக்ட்லயே செத்துட்டோம். அந்த மூணு வாரம் தான் அந்த கேம முழுசா விளையாடினோம்னு தோணுது.

இத இன்னும் நல்லா பண்ணது டிஸ்கோ எலிசியம், 2019. சண்டையே கிடையாது, நெனப்பு இல்லாம எந்திரிக்கற ஒரு போலீஸ்காரன், 24 திறமை, ஒவ்வொண்ணும் அவன் தலைக்குள்ள தனித்தனி குரலா பேசும். நான் முதல் பத்து நிமிஷத்துலயே ஃபேன்ல தொங்கற டைய எடுக்கப் போய் ஹார்ட் அட்டாக்ல செத்தேன். இதுலயும் டைஸ் உருட்டற சோதனை உண்டு, செக்னு பேரு. வெள்ளை செக்ல தோத்தா அந்தத் திறமைய ஏத்திட்டு திரும்ப முயற்சி பண்ணலாம், சிவப்பு செக் ஒரே தடவ. எங்க வேணா சேவ் பண்ணலாம் தான், ஆனா தோத்தப்ப கூட வர்ற போலீஸ்காரர் கிம் நம்ம பக்கம் திரும்பி ஒண்ணும் சொல்லாம நோட்ல எழுதறத பாத்தா லோட் பண்ண கை போகாது. அங்க நான் தோத்த எடமெல்லாம் ஞாபகம் இருக்கு, ஜெயிச்சது பாதி மறந்துடுச்சு.

அண்டர்டேல பத்தி மட்டும் ஒரு முழு பதிவு எழுதணும். 2015, டோபி ஃபாக்ஸ், சின்ன சின்ன புள்ளி வெச்ச படம், என் லேப்டாப்ல ஃபேன் சத்தம் கூட இல்லாம ஓடுச்சு. டோரியல் நம்மள சொந்தப் புள்ள மாதிரி பாத்துக்கும், பைங்கற இனிப்புப் பலகாரம் சுட்டு வெக்கும், வெளிய போக விட மாட்டேன்னு கதவுல நிக்கும். எப்படி சமாதானமா தாண்டறதுன்னு தெரியாம நான் அடிச்சேன், செத்துடுச்சு. தாங்காம லோட் பண்ணி, பொறுமையா திரும்ப விட்டுக் குடுத்து, கட்டிப் பிடிச்சுட்டு வெளிய வந்தேன். வெளிய ஃப்ளவிங்கற பேசற பூ நிக்குது, நீ என்ன பண்ணன்னு எனக்குத் தெரியும், கொன்னுட்டுத் தான் திரும்பி வந்தங்குது. ராத்திரி 11 மணி இருக்கும், உடம்பு சிலிர்த்துடுச்சு. எல்லாரையும் கொன்னு முடிக்கற வழில போனவங்களுக்கு அந்த கேம் அப்பறம் எத்தன தடவ நல்லவங்களா விளையாடினாலும் முடிவ மாத்தி வெச்சுடும். என் நேரத்த பத்திரமா வெச்சுக்கிட்டு, நான் பண்ணத மட்டும் அழிக்க விடாம வெச்சுக்கற கேம், இது தான் எனக்கு வேணும். ஹேட்ஸும் (2020) அப்படித்தான், நடுவுல நின்னா அதே ரூமோட ஆரம்பத்துல இருந்து தொடரலாம், ஆனா செத்தா செத்தது தான், வீட்டுக்குப் போய் பாதாள ராஜாவான அப்பன் கிட்ட பேச்சு வாங்கணும், கதை அங்க இருந்து நகரும்.

வெண்பா (2023) பத்தியும் சொல்லிடறேன். ஒண்ணரை மணி நேரத்துல முடிஞ்சுடும், கரண்ட் பயமே இல்ல. கனடா போன தமிழ்க் குடும்பம், வெண்பாவுக்கு அவ அம்மா குடுத்த கிழிஞ்ச சமையல் நோட்டு, அழிஞ்ச எழுத்த யூகிச்சு இட்லில இருந்து ஆரம்பிக்கணும். பசில் எல்லாம் எனக்கு ரொம்ப சுலபம், அது குறை தான். ஆனா பையன் கவின் தமிழ விட்டு விலகிப் போற எடத்துல அம்மா வெண்பா நிக்கறது இருக்கே, எங்கம்மாவ கூப்பிட்டு பக்கத்துல உக்கார வெச்சு முழுசா காட்டினேன்.

இப்ப அப்பாவுக்கு ஸ்டார்ட்யூல தனியா ஒரு தோட்டம் இருக்கு. சாயங்காலம் தோட்டத்துல இருந்து வந்து கை கால் கழுவிட்டு உக்காந்துடறாரு. மலை மேல இடி கேட்டா கேம்ல மத்தியானம் 12 மணி தான் ஆகியிருந்தாலும் நேரா வீட்டுக்குப் போய் கட்டில்ல படுத்துக்கறாரு. மிச்ச நாள் போனா போகட்டும் கண்ணு, ஊத்தின தண்ணி நிக்கணும்ங்கறாரு.