டுக்விட்ஸ் என்ற கப்பல்காரர்: ஒரு செப்டம்பர் நாட்குறிப்பு

செப்டம்பர் 8, திங்கள்

கேயோர்க் ஃபெர்டினாண்ட் டுக்விட்ஸ். ஜெர்மன் தூதர். 1961 முதல் 1965 வரை டில்லியிலும் தூதராக இருந்தவர். ஆனால் பெயர் நிலைத்தது 1943 செப்டம்பரில் கோபன்ஹேகனில் டென்மார்க் யூதர்களைக் காப்பாற்றச் செய்த காரியத்தால். அந்த மாதத்துத் தேதிகளை ஒட்டியே இங்கே எழுதிக்கொண்டு போகப் போகிறேன்.

எனக்கு இவர்மேல் ஒரு தனி ஒட்டுதல் உண்டு. மனிதர் எங்கள் கப்பல் லைன்! பிரேமன் துறைமுக நகரத்தில் 1904-ல் பிறந்தார். பழைய வணிகக் குடும்பம். முதலில் காபி வியாபாரம், அதற்காகவே கோபன்ஹேகனில் சில வருடம் வாசம். பிறகு ஹாம்பர்க்-அமெரிக்கா லைன் கப்பல் கம்பெனி. 1939-ல் கோபன்ஹேகன் ஜெர்மன் தூதரகத்துக்குக் கப்பல் விவகார நிபுணராகப் போனார். வெளியுறவுத் துறையில் கீழிருந்து படிப்படியாக ஏறி வந்தவர் இல்லை. சரக்கு, வாடகை, கப்பல் அட்டவணை என்றே வாழ்ந்தவர்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர் நாஜிக் கட்சி உறுப்பினர். 1932 நவம்பரில் சேர்ந்தார். அதாவது ஹிட்லர் பதவிக்கு வருவதற்கு முன்பே, யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளாமலே. 1933-ல் நாஜித் தலைவர்களில் ஒருவரான ரோசன்பெர்க்கின் கட்சி வெளியுறவு அலுவலகத்தில் வேலை. இரண்டே வருடத்தில் கசந்துவிட்டது. 1935 ஜூனில் ரோசன்பெர்க்குக்கே கடிதம் எழுதினார்: இந்த இயக்கத்தின் இயல்பையும் நோக்கத்தையும் பற்றி அடியோடு ஏமாந்துவிட்டேன், நேர்மையான மனிதனாக இதற்குள் இனி வேலை செய்ய முடியாது என்று. எழுதியது சாதாரண ஆளுக்கு இல்லை. அந்த தைரியத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கட்சி வேலையைத்தான் விட்டார், கட்சியை விடவில்லை என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

1943-ல் இதே செப்டம்பர் 8-ல் கோபன்ஹேகனிலிருந்து பெர்லினுக்கு ஒரு தந்தி போனது. அனுப்பியவர், ஜெர்மனி பிடித்துவைத்திருந்த டென்மார்க்கில் ஹிட்லர் அரசின் பிரதிநிதி வெர்னர் பெஸ்ட். பத்து நாள் முன்னால், ஆகஸ்ட் 29-ல், டேனிஷ் அரசு ராஜினாமா செய்து நாட்டில் ராணுவச் சட்டம் வந்திருந்தது. இந்த நெருக்கடி நிலை இருக்கும்போதே 'யூதர் பிரச்சினை'யை முடித்துவிட வேண்டும், அதாவது அவர்களைப் பிடித்து நாடுகடத்திவிட வேண்டும் என்பது தந்தியின் சாரம்.

செப்டம்பர் 11, வியாழன்

பெஸ்ட் அந்தத் தந்தி விஷயத்தை டுக்விட்ஸிடம் சொன்னது இந்தத் தேதியில்.

ஏன் சொன்னார் என்பதற்குப் பிறகு வருகிறேன். பெஸ்ட் யார் என்பதை மட்டும் இப்போதே சொல்ல வேண்டும். சட்டம் படித்தவர், ஹிட்லரின் எஸ்.எஸ். படை அதிகாரி, கெஸ்டபோ என்ற ரகசியப் போலீஸைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர். அப்படிப்பட்டவருக்குக் கீழேதான் டுக்விட்ஸ் வேலை பார்த்தார், சுமுகமாகவே பார்த்தார். ஒரே அலுவலகம், நல்ல பேச்சுவார்த்தை. இது இல்லாவிட்டால் அந்தத் தகவல் காதுக்கு வந்திருக்கவே வராது.

செப்டம்பர் 13, சனி

1943-ல் இதே தேதியில் டுக்விட்ஸ் பெர்லினுக்கு விமானம் ஏறினார். தந்தியை மேலே போகாமல் எப்படியாவது நிறுத்திவிடலாம் என்ற நினைப்பு. அது ஏற்கெனவே வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப்பைத் தாண்டி ஹிட்லர் மேஜைக்குப் போயிருந்தது. வெறுங்கையோடு திரும்பினார். நான்கு நாளில் ஹிட்லரின் ஒப்புதல் வந்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

டுக்விட்ஸும் நாட்குறிப்பு எழுதியவர். 1943 செப்டம்பர் 19-ல் அவர் எழுதியதில் ஒரு வரி நிலைத்துவிட்டது: "நான் செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். என்ன செய்வது என்பது இல்லை, யாரோடு என்பதும் இல்லை. இருந்தால் தூக்குக் கயிறு. மாட்டிக்கொள்ளக் கூடாத விஷயத்தை எழுதும்போது இப்படித்தான் எழுத வேண்டியிருக்கும். இந்த வரியை மட்டும் தனியே எடுத்துப் போஸ்டர் மாதிரி ஒட்டுகிறார்கள். எனக்கு இதில் வீரத்தைவிட வேறொன்று படுகிறது. நேர்வழியில் முயன்று தோற்ற அலுவலக ஆள் குறுக்கு வழியைத் தேர்ந்துவிட்டார். இனி மேலிடத்துக்கு மனுப் போடப் போவதில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

ஸ்டாக்ஹோம். போனதற்குச் சாக்கு கப்பல் போக்குவரத்துப் பேச்சு. உண்மையில் பார்த்தது சுவீடன் பிரதமர் பெர் ஆல்பின் ஹான்சனை. டென்மார்க் யூதர்கள் கடல் தாண்டி வந்தால் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டார். சாதகமான பதில் கிடைத்தது.

கரை உறுதியானால்தானே படகு எடுக்கச் சொல்ல முடியும்? டுக்விட்ஸ் முதலில் இதைச் செய்தார் என்பதில்தான் அவருடைய தொழில் புத்தி தெரிகிறது. நல்ல மனசு இருந்த பலர் நேரே போய் 'ஓடிப் போங்கள்' என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். சேரும் துறைமுகத்தில் இடம் உண்டா என்று கேட்காமல் எந்தக் கப்பல்காரனும் சரக்கு ஏற்ற மாட்டான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கோபன்ஹேகன் ரோமர்ஸ்கேட் 22. தொழிலாளர் இயக்கத்தின் கட்டடம். உள்ளே சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர்கள் கூடியிருக்கிறார்கள். டுக்விட்ஸ் வந்து அவர்களில் ஒருவரான ஹான்ஸ் ஹெட்டாஃப்டைச் சந்தித்துச் சொல்கிறார். எல்லாம் தயார், உங்கள் நாட்டு யூதர்களைப் பிடித்துத் தெரியாத ஊருக்கு அனுப்பப் போகிறார்கள். ஆத்திரத்திலும் அவமானத்திலும் டுக்விட்ஸின் முகம் வெளுத்திருந்தது என்று பின்னாளில் ஹெட்டாஃப்ட் எழுதினார்.

இங்கே 'அவமானம்' என்ற சொல்லை நான் தாண்டிப் போக முடியவில்லை. பயமாகவும் இருந்திருக்கும்தான். ஆனால் பார்த்தவருக்குப் பட்டது அவமானம். தன் நாடு, தன் அலுவலகம், தன் கட்சி!

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கொடுமை. ஹெட்டாஃப்ட் யூத சமூகத்தின் தலைவர் ஹென்ரிக்கிஸ் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். பதில்: "பொய் சொல்கிறீர்கள்." டேனிஷ் அதிகாரிகளிடமிருந்து அப்படி ஒன்றும் நடக்காது என்ற உறுதி அவருக்குக் கிடைத்திருந்தது. அவரை நம்ப வைக்கவே நேரம் பிடித்தது.

அன்று அந்தக் கட்டடத்தில் இருந்த ஹெட்டாஃப்டும் ஹெச்.சி. ஹான்சனும் பிற்பாடு டென்மார்க் பிரதமர் ஆனார்கள். 1955-ல் டுக்விட்ஸ் மேற்கு ஜெர்மனியின் தூதராக அதே கோபன்ஹேகனுக்கு வந்தபோது பிரதமர் நாற்காலியில் இருந்தவர் ஹான்சன்.

செப்டம்பர் 29, திங்கள்

யூதப் புத்தாண்டுக்கு முந்தின காலை. கிறிஸ்டல்கேட் தெருவிலுள்ள ஜெபாலயத்தில் ரபி (யூத மதகுரு) மார்க்கஸ் மெல்கியோர் வழிபாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார்: நாளை இங்கே ஆராதனை கிடையாது, இப்போதே போய் உறவினர், நண்பர் எல்லோருக்கும் சொல்லுங்கள், ஒளிந்துகொள்ளுங்கள்.

அன்று டுக்விட்ஸுக்கு முப்பத்தொன்பதாவது பிறந்தநாள். கேக் வெட்டினாரா என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

வார்ட்டெலாண்ட் என்ற கப்பல் அந்த நாட்களில் கோபன்ஹேகனில் லாங்கெலினி கரையில் வந்து நின்றது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போக. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு பெரிய கப்பலை யார் கண்ணிலும் படாமல் துறைமுகத்துக்குள் கொண்டுவர முடியாது. வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட் வேண்டும், இழுவைப் படகு வேண்டும், கப்பல் நிற்கப் பெர்த் ஒதுக்க வேண்டும், குடிதண்ணீர் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எங்கேயோ ஒரு குமாஸ்தா கையெழுத்துப் போட்டாக வேண்டும். கப்பலில் ஏற்றச் சரக்கே இல்லாமல் காலி பெர்த் கேட்டால், துறைமுகத்தில் டீ கொண்டுவரும் பையன்கூட 'எதற்காம்?' என்று கேட்பான்.

அக்டோபர் 2, வியாழன்

1943 அக்டோபர் 1 வெள்ளிக்கிழமை இரவு வேட்டை நடந்தது. வீடு வீடாகப் போனார்கள். பெரும்பாலான வீடுகளில் ஆள் இல்லை. அந்த இரவில் பிடிபட்டவர்கள் முந்நூறு பேருக்கும் கீழே. வயதானவர்கள், தகவல் எட்டாதவர்கள்.

மற்றவர்கள் ஆஸ்பத்திரிகளில், தேவாலயங்களில், முன்பின் தெரியாதவர் வீடுகளில் ஒளிந்து, அடுத்த சில வாரங்களில் ஓரசுண்ட் நீரிணையைத் தாண்டினார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள், அவர்களோடு யூதரல்லாத உறவினர்கள் சில நூறு பேர். ஹெல்சிங்கோர் பக்கம் அந்த நீரிணை நாலு கிலோமீட்டர்தான். ஆனால் மீன்பிடிப் படகின் அடித்தளத்தில் சாக்குக்கு அடியில் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு போகும்போது அந்தத் தூரம் எவ்வளவோ.

மீனவர்கள் சும்மா கொண்டுபோகவில்லை. தலைக்கு ஆயிரம் குரோனர் என்ற கணக்கு சாதாரணம், சிலர் அதற்கு மேலும் கறந்தார்கள். கொடுக்க முடியாதவர்களுக்காக நன்கொடை திரட்டினார்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கிறது. எனக்கு இல்லை. படகு பறிபோனால் பிழைப்பே போயிற்று. அதற்குக் கூலி கேட்டார்கள், கேட்டுக்கொண்டு போயும் சேர்த்தார்கள். எல்லா இடத்திலும் நல்லபடி முடிந்துவிடவும் இல்லை. கில்லேலேயே என்ற மீனவ ஊரில் தேவாலயப் பரணில் ஒளிந்திருந்த எண்பது பேர்போலக் கெஸ்டபோவிடம் மாட்டிக்கொண்டார்கள்.

மொத்தத்தில் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குப் போனவர்கள் சுமார் 470 பேர். ஐம்பது பேர் வரை அங்கே இறந்தார்கள்.

டென்மார்க் ராஜா மஞ்சள் நட்சத்திரம் அணிந்துகொண்டு குதிரையில் போனார் என்ற கதையை நம்மூர்ப் பத்திரிகைத் துணுக்குகளிலும் பார்த்திருக்கிறேன். நடக்காத சம்பவம். டென்மார்க்கில் யூதர்களை அந்த நட்சத்திரம் அணியும்படி கட்டாயப்படுத்தவே இல்லை. நடக்காத ராஜா கதை ஊர் ஊராகச் சுற்றுகிறது, நடந்த டுக்விட்ஸ் கதை தெரிந்தவர்கள் குறைவு.

அக்டோபர் 5, ஞாயிறு

பெஸ்ட் ஏன் சொன்னார்?

தந்தி அனுப்பியதும் அவர்தான், கசியவிட்டதும் அவர்தான். கதவை உடைத்து உள்ளே போகக் கூடாது என்று அந்த இரவில் உத்தரவு போட்டதும் அவர்தான். வேட்டை முடிந்ததும், டென்மார்க்கில் யூதர்கள் இல்லை என்று பெர்லினுக்குப் பெருமையாக அறிக்கை அனுப்பினார். ஆட்கள் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குப் போனால் என்ன, சுவீடன் போனால் என்ன, நாடு 'காலி' ஆனால் சரி, டேனிஷ் மக்களோடு உரசலும் குறையும் என்ற கணக்காக இருக்கலாம். வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அப்படியென்றால் டுக்விட்ஸின் மனசாட்சியையே பெஸ்ட் ஒரு கருவியாகப் பயன்படுத்திக்கொண்டார் என்றாகிறது. நான் இந்தப் பக்கம்தான் சாய்கிறேன். அதனால் டுக்விட்ஸ் செய்தது ஒரு துளியும் குறையவில்லை. பிடிபட்டிருந்தால் பெஸ்ட் கைகழுவியிருப்பார், தலை போயிருப்பது இவருக்கு. பெஸ்டுக்கு 1948-ல் டேனிஷ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் குறைந்து 1951-ல் வெளியே வந்துவிட்டார்.

'உள்ளே இருந்தால்தான் கெட்டதைத் தடுக்க முடியும்.' போருக்குப் பிறகு ஜெர்மன் வெளியுறவுத் துறையில் பலர் சொன்ன சமாதானம் இது. செயலாளர் எர்ன்ஸ்ட் ஃபான் வைட்செக்கரும் நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். பிரெஞ்சு யூதர்களை நாடுகடத்தும் கோப்பில் அவருடைய இனிஷியல் இருந்தது. உள்ளே இருந்தாய், சரி, உன்னால் என்ன நின்றது என்ற கேள்விக்குக் காட்ட டுக்விட்ஸிடம் ஏழாயிரம் பேர் இருந்தார்கள். மற்றவர்களிடம் பெரும்பாலும் நல்லெண்ணம்தான் இருந்தது.

ஒரு வேடிக்கை. இறந்துபோன முன்னாள் நாஜிக் கட்சி உறுப்பினர்களுக்குத் துறை இதழில் அஞ்சலிக் குறிப்பு கிடையாது என்று 2003-ல் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் யோஷ்கா ஃபிஷர் உத்தரவு போட்டார். பெரிய சண்டையாகி, துறையின் நாஜிக் காலத்தை ஆராய வரலாற்றுக் குழுவே அமைக்க வேண்டி வந்தது. அந்த விதியை எழுத்துப்படி பார்த்தால் டுக்விட்ஸுக்கும் அஞ்சலி கிடையாது!

அக்டோபர் 7, செவ்வாய்

டில்லி வருடங்கள். சிக்கலான பதவி. 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. கிழக்கு ஜெர்மனியை அங்கீகரிக்கும் நாட்டோடு உறவை முறிப்போம் என்பது பான் நகரில் இருந்த மேற்கு ஜெர்மன் அரசின் ஹால்ஸ்டைன் கொள்கை. அணிசேரா இந்தியாவோ கிழக்கு ஜெர்மனியின் வணிகப் பிரதிநிதிகளை டில்லியில் இருக்க அனுமதித்திருந்தது. நேரு வழுக்கிவிடாமல் பார்த்துக்கொள்வதே அங்கே மேற்கு ஜெர்மன் தூதருக்குப் பாதி வேலை. அவர் காலத்திலேயே சீனப் போர், அவர் காலத்திலேயே நேருவின் மறைவு. இந்தியா கிழக்கு ஜெர்மனியை அங்கீகரித்தது 1972-ல், இவர் போய் ஏழு வருடம் கழித்து.

அந்தப் போட்டியின் நல்ல பக்கம் நம்மூரில் கிண்டியில் நிற்கிறது. 1959-ல் மேற்கு ஜெர்மன் உதவியோடு ஐ.ஐ.டி. மெட்ராஸ் தொடங்கியது. டுக்விட்ஸ் டில்லியில் இருந்த வருடங்களில்தான் ஜெர்மன் பேராசிரியர்களும் ஆய்வகக் கருவிகளும் அங்கே வந்துகொண்டிருந்தார்கள். ஒடிசாவில் ரூர்கேலா இரும்பாலையும் அதே காலம், அதே உதவி.

அக்டோபர் 11, சனி

1965-ல் ஓய்வு. 1967-ல் வெளியுறவு அமைச்சர் வில்லி பிராண்ட் திரும்பக் கூப்பிட்டுச் செயலாளர் ஆக்கினார். 1970-ல் போலந்தோடு பேச்சுவார்த்தை நடத்த இவரையே அனுப்பினார்கள். போருக்குப் பின் போலந்தின் மேற்கெல்லையான ஓடர்-நைசே ஆற்றெல்லையை ஒப்புக்கொள்வதா என்பது மையக் கேள்வி. ஒப்புக்கொண்டால் சொந்த ஊரை இழந்து வந்த லட்சக்கணக்கான ஜெர்மானியர்கள் கொதிப்பார்கள். போலந்து தரப்பில் துணை அமைச்சர் வினியேவிச். சுற்றுச் சுற்றாகப் பேசினார்கள், ஒரு வாக்கியத்தின் வரிசைக்கே நாள்கணக்கில் இழுத்தது.

1970 டிசம்பர் 7-ல் வார்சாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜெர்மன் தரப்பில் கையெழுத்திட்டவர்கள் அப்போது நாட்டின் தலைமை அமைச்சராகியிருந்த பிராண்டும் வெளியுறவு அமைச்சர் ஷேலும். அதே நாளில் பிராண்ட், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவின் நினைவுச் சின்னத்தின் முன் மண்டியிட்டார். உலகம் அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டது.

அடுத்த வருடம் மார்ச்சில் இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவு நிறுவனமான யாத் வஷேம் டுக்விட்ஸை 'நாடுகளிடையே நீதிமான்' என்று அறிவித்தது. வார்சா ஒப்பந்தத்துக்கு 1972 மே மாதம் பான் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. எதிர்க்கட்சியில் பெரும்பாலோர் ஆதரித்தும் வாக்களிக்கவில்லை, எதிர்த்தும் வாக்களிக்கவில்லை. 1973 பிப்ரவரி 16-ல் டுக்விட்ஸ் பிரேமனில் இறந்தார். அறுபத்தெட்டு வயது.