ஒரு பெட்டி, ஒரு குழந்தை

எங்கள் அலுவலகத்தில் ஓர் எக்செல் ஷீட் உண்டு. ஒரு கட்டத்தில் பெட்டிகளின் எண்ணிக்கை, பக்கத்துக் கட்டத்தில் குழந்தைகளின் எண்ணிக்கை. இரண்டிலும் ஒரே எண்தான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரோ கைதவறி இரண்டு முறை ஒட்டிவிட்டார்கள் என்று நினைத்து ஒன்றை அழித்துவிட்டேன். பக்கத்து மேஜை சீனியர் அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். "அது தப்பில்லம்மா. நம்ம கணக்கே அதுதான். ஒரு பெட்டி, ஒரு குழந்தை."

பட்டினியால் மெலிந்துபோன குழந்தைகளைத் தேற்றும் விழுது அது. பெட்டிக்குள் 150 பாக்கெட். ஒரு பாக்கெட் 92 கிராம், 500 கலோரி. வேர்க்கடலை விழுது, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், அதோடு வைட்டமின்களும் தாது உப்புகளும். 1990-களின் நடுவில் ஆந்த்ரே பிரியாந்த் என்ற பிரெஞ்சு மருத்துவரும் மிஷெல் லெஸ்கான் என்ற உணவுத் தயாரிப்பாளரும் சேர்ந்து உருவாக்கியது. அதற்கு முன்பு எலும்பும் தோலுமான குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது பால் பவுடர் கரைசல். அதைக் கரைக்கச் சுத்தமான தண்ணீர் வேண்டும், கரைத்ததை வைத்திருந்தால் கெட்டுவிடும். அதனால் குழந்தையை வாரக்கணக்கில் முகாமில் படுக்க வைக்க வேண்டியிருந்தது. தாயும் கூடவே இருக்க வேண்டும். ஊரில் விட்டுவந்த மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது? இந்த விழுதில் தண்ணீர் அநேகமாக இல்லை, ஆகவே கிருமி எளிதில் வளராது. அடுப்பு வேண்டாம், ஃபிரிட்ஜ் வேண்டாம், இரண்டு வருஷம் கெடாது. வேறு நோய்ச் சிக்கல் இல்லாத குழந்தை வீட்டிலிருந்தபடியே ஆறு முதல் எட்டு வாரத்தில் தேறிவிடும். அதற்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒரு பெட்டி.

நம் நாட்டிலும் இதைத் தயாரிக்கிறார்கள். அப்படித் தயாரான பெட்டிகளைச் சென்னையில் கப்பலேற்றிக் கென்யாவின் மொம்பாசா துறைமுகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து அந்த நாட்டின் வடமேற்கு மூலையில் இருக்கும் துர்கானா வரை போய்ச் சேர்ந்ததா என்று துரத்திக்கொண்டே இருப்பது என் வேலை. கல்யாண வீடுகளில் அம்மா "ஆப்பிரிக்கால பசங்களுக்கு சாப்பாடு அனுப்புறா" என்று பெருமையாகச் சொல்லுவார். நான் அனுப்புவது பெரும்பாலும் பேப்பர். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஆய்வகச் சான்றிதழ், எந்த நாட்டுச் சரக்கு என்பதற்கு ஒரு சான்றிதழ், மரப்பலகைக்குப் பூச்சிமருந்து அடித்ததற்கு ஒன்று, கென்யத் தரக்கட்டுப்பாட்டுக்கு ஒன்று, அந்த ஊர் வரிவிலக்குக் கடிதம். வேர்க்கடலை என்பதால் ஆய்வகச் சான்றிதழில் எல்லோரும் முதலில் தேடுவது அஃப்ளாடாக்சின் வரியைத்தான். கடலையில் பூஞ்சை பிடித்தால் வரும் நஞ்சு அது. ஈரலைக் கெடுக்கும். ஏற்கெனவே துவண்டுபோன குழந்தைக்கு அதைக் கொடுத்துவிடக் கூடாது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடமும் இல்லை, பயிற்சி வகுப்பும் இல்லை. தம்பு செட்டித் தெருவில் மாடியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, சரக்குக்கான துறைமுக, சுங்க வேலைகளை முடித்துக்கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஒருவர். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை மேடம் என்பார். கோபம் வந்தால் மட்டும் "ஏம்மா".

2022-இல் அவர் என்னை நிறைய தடவை "ஏம்மா" என்றார்.

அந்த வருஷம் ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியில் (சோமாலியா, எத்தியோப்பியா, கென்யா பக்கம்) மழை தொடர்ந்து ஐந்தாவது பருவமாகப் பொய்த்துக்கொண்டிருந்தது. 2020 கடைசியில் தொடங்கியது. கென்யாவில் 2021 செப்டம்பரிலேயே வறட்சியைத் தேசியப் பேரிடர் என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் பணம் அறிவிப்புக்கு வருவதில்லை, படத்துக்குத்தான் வருகிறது. விலா எலும்பு தெரியும் குழந்தையின் படம் பத்திரிகையில் வர வேண்டும். அந்தப் படம் வந்த பிறகு ஆர்டர் போட்டால் தயாரிப்புக்குச் சில வாரம், ஆய்வகத்துக்குச் சில நாள், கொழும்பில் கப்பல் மாற்றி மொம்பாசா போக மூன்று வாரம் போல, பிறகு லாரி. சீனியர் அடிக்கடி 2011-ஐச் சொல்வார். அந்த வருஷம் ஜூலை 20-ஆம் தேதி சோமாலியாவின் சில பகுதிகளில் பஞ்சம் என்று ஐ.நா. அறிவித்தது. அந்தப் பஞ்சத்தில் ஏறக்குறைய 2,58,000 பேர் இறந்தார்கள் என்று பின்னால் கணக்கிட்டார்கள், அதில் பாதிக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அறிவிப்பு வந்த அன்றைக்கே அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நவம்பர் மாதம், 900 பெட்டி, ஒரு இருபதடிக் கண்டெய்னர். பேக்கிங் லிஸ்ட்டைத் தட்டியவள் நான். ஆய்வகச் சான்றிதழில் பேட்ச் எண்ணின் நடுவில் 68 இருந்தது. நான் 86 என்று தட்டியிருந்தேன். அந்தப் பட்டியலை வைத்துதான் மற்ற நாலைந்து காகிதங்களும் தயாராயின. எல்லாவற்றிலும் 86. கடைசியாகச் சரிபார்ப்பவர் கண்ணில் அது பட்டபோது, கப்பலுக்குக் கண்டெய்னர் உள்ளே போக வேண்டிய நேரம் முடிய ஒரு நாள்கூட இல்லை. எல்லாவற்றையும் திரும்ப வாங்கியாக வேண்டும். கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலுக்கு எல்லாம் கையில் வந்த வாரம் மாண்டஸ் புயல். டிசம்பர் 9 ராத்திரி மாமல்லபுரம் பக்கம் கரை கடந்தது. மழையே இல்லாத ஊருக்குப் போகவேண்டிய பெட்டிகள் இங்கே மழைக்காக நின்றன. ஆகமொத்தம் பத்தொன்பது நாள்.

அண்ணா என்னைச் சமாதானப்படுத்தத்தான் பார்த்தார். "விடுங்க மேடம், இது என்ன எறா லோடா, கெட்டுப்போறதுக்கு?"

உண்மைதான், சரக்கு கெடாது. நான் அலுவலகத்துக்கு வந்து எக்செல்லைத் திறந்தேன். ஒரு கட்டத்தில் 900. பக்கத்துக் கட்டத்திலும் 900. அந்த ஷீட்டை யார் அப்படி வடிவமைத்தார்களோ, அவர்கள் மேல் அன்றைக்கு எனக்கு ஆத்திரம் வந்தது.

அந்தப் பத்தொன்பது நாளும் வேலை முடிந்து மந்தைவெளி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பறக்கும் ரயில் அதன் தலைமேலேயே ஓடுகிறது. கறுப்புத் தண்ணீர், கொசு, நாற்றம். சென்னைக்காரர்கள் யாரும் அதை இரண்டாம் தடவை பார்ப்பதில்லை, நானும் அதுவரை பார்த்ததில்லை. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் இந்தத் துண்டு 1877-78-இல் வெட்டப்பட்டது, தாது வருஷப் பஞ்சத்தின் நிவாரண வேலையாக. பசித்து வந்தவர்கள் தோண்டியது. அந்தச் சமயம் வைஸ்ராய் அனுப்பிவைத்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஓர் ஆளுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கையில் கொஞ்சம் காசும் போதும் என்றார். ஒரு ராத்தல் என்பது நம் கணக்கில் 450 கிராம். அதை வைத்துக்கொண்டு மண் வெட்ட முடியாது என்று மதராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்ற மருத்துவர் விடாமல் வாதாடினார். அவர் கோஷம் போடவில்லை, எடையையும் சாவுக் கணக்கையும் காட்டி வாதாடினார். அவர் செய்ததும் பேப்பர் வேலைதான் என்று நினைத்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அதே பஞ்ச காலத்துப் படம் ஒன்று உண்டு. 1877-இல் மெட்ராஸ் கடற்கரையில் மலை மலையாகத் தானிய மூட்டைகள். உள்நாட்டில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், மூட்டைகள் மணலில் கிடந்தன. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாதவரத்தில் லாரி ஷெட்டுக்குப் பின்னால் நின்ற என் கண்டெய்னர்தான் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் காரணம் வேறு வேறுதான். கடற்கரை மூட்டைகளுக்குப் பின்னால் வியாபாரமும் ஒரு கொள்கையும் இருந்தன, என்னுடையது வெறும் 68-86. பசித்தவனுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியுமா என்று தெரியவில்லை.

அடுத்த பிப்ரவரியில் துர்கானாவுக்குப் போய்வர ஒரு வாய்ப்பு வந்தது. லோட்வார் என்ற ஊரில் இறங்கி, ஜீப்பில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். வழியெல்லாம் ஆட்டின் எலும்புகள். மண் சிவப்பு இல்லை, சாம்பல். ஒரு வேல மரத்தடியில் வாரம் ஒரு நாள் நடக்கும் சிகிச்சை முகாம். கழுத்து நிறைய மணிமாலை போட்ட பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாலைகளின் அளவுக்கு உடம்பில் சதை இல்லை.

நர்ஸ் ஒரு குழந்தையின் இடது மேற்கையில் நாடாவைச் சுற்றினார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம் போட்ட நாடா. 12.5 சென்டிமீட்டருக்கு மேல் பச்சை. 11.5-க்குக் கீழே சிவப்பு. அந்தக் குழந்தைக்கு 10.8. எண்ணாகச் சொன்னால் ஒன்றும் புரியாது. ஊருக்குத் திரும்பியதும் அந்த நாடாவை எங்கள் வீட்டுப் பூரிக்கட்டையில் சுற்றிப் பார்த்தேன், 12-ஐத் தாண்டியது.

அடுத்து இரண்டு பாதங்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தால் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். விழவில்லை. அப்புறம் ஒரு பாக்கெட்டை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துப் பிசைந்தார். வெயிலில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும், பிசைந்தால்தான் ஒன்றாகும். மூலையைக் கிழித்துத் தாயிடம் கொடுத்தார். தாய் விரல் நுனியில் கொஞ்சம் பிதுக்கிக் குழந்தையின் உதட்டில் தடவினாள். குழந்தை அசையவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. இது ஒரு பரிசோதனை. சாப்பிட்டால் வீட்டுக்கு அனுப்பலாம். பசியே செத்துப்போயிருந்தால் ஆஸ்பத்திரி, அங்கே முதலில் நீர்த்த பால் கொஞ்சம் கொஞ்சமாக. பட்டினி கிடந்த உடம்புக்கு எடுத்த எடுப்பில் நிறையக் கொடுத்தால் இதயம் தாங்காது. நான் மணியைப் பார்த்தேன். ஏழு நிமிஷம் கழித்து நாக்கு வெளியே வந்தது. பிறகு தாயின் விரலை விடவே இல்லை.

ஆறு கிலோ எடைக்கு வாரத்துக்கு 18 பாக்கெட். அடுத்த வாரம் காலி உறைகளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். தாய் தலையாட்டினாள். அவளுக்குப் பின்னால், கையைப் பிடிக்காமல் ஒட்டி நின்றுகொண்டு, இன்னும் இரண்டு பிள்ளைகள். ஒன்றுக்கு நான்கு வயது இருக்கும், மற்றதற்கு ஆறோ ஏழோ. நாடாவில் அவை மஞ்சளோ பச்சையோ, அல்லது நாடா அளக்கும் வயதையே தாண்டியவையோ. மூன்று ஜோடிக் கண்ணும் அந்தக் கிழிந்த மூலையில்தான் இருந்தன.

"இது மருந்து, பங்கு போடக் கூடாது என்று சொல்வோம்," என்றார் நர்ஸ், என் பார்வையைப் புரிந்துகொண்டு. "சொல்லத்தான் முடியும். நீங்களாக இருந்தால் பங்கு போட மாட்டீர்களா?"

நான் வளர்ந்த வீட்டில் ஒரு கடலை மிட்டாயை மூன்றாக உடைத்துத்தான் கொடுப்பார்கள். உடைக்காமல் ஒருத்திக்கு மட்டும் கொடுத்தால் பாட்டி திட்டுவார். அந்த மரத்தடியில் நின்றபோது எக்செல்லின் இரண்டு கட்டங்களும் எனக்கு வேறு மாதிரி தெரிந்தன. அந்த வீட்டில் ஒரு பெட்டி ஒரு குழந்தை இல்லை. குழந்தையில் மூன்றில் ஒரு பங்கு.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் குடும்பத்துக்கும் சேர்த்துப் பருப்பு, தானியம், எண்ணெய் கொடுப்பது பழைய வழக்கம்தான். ஆனால் நிதி தருபவர்களுக்கு அது பிடிப்பதில்லை. பாக்கெட்டைப் படம் பிடிக்கலாம், குணமான குழந்தைகளை எண்ணலாம். பருப்பு மூட்டையால் யார் குணமானார்கள் என்று எப்படிக் காட்டுவது? திரும்பி வந்ததும் ஷீட்டில் ஒரு மூன்றாவது கட்டம் சேர்த்தேன், 'வீட்டில் எத்தனை பேர்' என்று. சீனியர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அழிக்கவும் இல்லை. தலைமையகத்திலிருந்து மட்டும் இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு மெயில் வந்தது. அந்த மெயில் சங்கிலி இன்னும் முடியவில்லை.

நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு, இவ்வளவு நல்ல பொருள் என்றால் நம்ம ஊர் அங்கன்வாடியில் ஏன் கொடுப்பதில்லை என்று. இதில் நம் நாட்டில் பல வருஷமாக வாக்குவாதம் உண்டு. 2017-இல் மத்திய அரசே இந்தப் பாக்கெட்டைப் பயன்படுத்துவது பற்றி மாநிலங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியது. என் அபிப்பிராயம் இது: அடுப்பு எரிகிற ஊரில் முட்டையும் சத்துமாவும் சோறும் பருப்பும்தான் சரி. 1982-இல் சத்துணவுத் திட்டத்தை விரித்தவர்கள் பாக்கெட்டை நம்பவில்லை, அடுப்பை நம்பினார்கள். தண்ணீரும் விறகும் இல்லாத மரத்தடியில் அந்தப் பேச்சு எடுபடாது. பாக்கெட் விற்பவர்கள் இரண்டு இடத்துக்கும் ஒரே மருந்து என்பார்கள், பாக்கெட்டை வெறுப்பவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் திருப்பிச் சொல்கிறார்கள்.

சோமாலியாவில் 2022-இல் பஞ்சம் என்று அறிவிக்கப்படவே இல்லை. அந்த ஒரு வருஷத்தில் வறட்சியால் 43,000 பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2023 மார்ச்சில் ஒரு மதிப்பீடு வந்தது. பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். அன்று நான் அதை சீனியருக்கு அனுப்பினேன். மாலைவரை பதில் இல்லை. ஆறு மணிக்கு என் மேஜைக்கு வந்து, "அடுத்த ஆர்டர் எப்ப போடறோம்?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது எந்தக் கண்டெய்னர் கிளம்பினாலும், சீல் போடுவதற்கு முன்பு அண்ணாவுக்குப் போன் செய்கிறேன். அவர் சான்றிதழைக் கையில் வைத்திருப்பார், நான் பேக்கிங் லிஸ்ட்டை. பேட்ச் எண்ணை ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படிக்கிறோம். சின்ன வயசில் வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி. முதலில் அவருக்கு இது சிரிப்பாக இருந்தது. போன வாரம் நடுவில் பின்னால் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்தது, ஓர் எண் காதில் விழவில்லை.

"இருங்க மேடம்," என்றார். "முதல்லேருந்து வருவோம்."