ஒதுக்கீடு என்றால் ஒதுக்கி வைப்பதா?

மருத்துவ ஆய்வில் குழந்தையைச் சேர்க்கப் பெற்றோர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் ஒரே ஒரு வாக்கியத்தை மாற்ற ஐந்து மாதம் அலைந்தேன். கடுப்பு இன்னும் முழுசாக இறங்கவில்லை. ஆராய்ச்சி நர்ஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எட்டு வருடம் குழந்தைகள் சிறுநீரக வார்டில் இருந்துவிட்டு, அதே பிரிவில் ஆராய்ச்சிக்கு மாறினேன். ஜிசிபி (மருத்துவ ஆய்வை முறையாக நடத்துவதற்கான விதிகள்) பயிற்சி, தேர்வு, சான்றிதழ் எல்லாம் சுலபமாக முடிந்தன. நெஃப்ரோடிக் சின்ட்ரோம் (சிறுநீரில் புரதம் இறங்கி உடம்பு வீங்கும் நோய்) திரும்பி வரும் குழந்தைகளுக்கு ஸ்டீராய்டை வழக்கமான நாள் கணக்கில் கொடுப்பதா, குறைந்த நாள் கொடுத்தாலே போதுமா என்பதுதான் ஆய்வு. பழைய மருந்து என்பதால், ஒப்புதல் வாங்குவதை வீடியோ எடுக்கும் வேலை இல்லை. புது மருந்து மூலக்கூறாக இருந்தால் குழந்தைகள் விஷயத்தில் அதுவும் கட்டாயம்.

செஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம். ஆறு வயதுப் பெண், முகமெல்லாம் வீங்கியிருந்தது. அப்பா படிவத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். மூன்றாம் பக்கத்தில் இந்த வரி: “தங்கள் குழந்தை இரு குழுக்களில் ஒன்றில் சீரற்ற முறையில் ஒதுக்கப்படும்.” அம்மா நிமிர்ந்து பார்த்தார். “எம் புள்ளைய எதுக்கு சிஸ்டர் ஒதுக்கணும்? இது ஒட்டுற வியாதியா?”

விளக்கிப் பார்த்தேன். மனசு கலைந்துவிட்டது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேண்டாம் என்பது அவர்கள் உரிமை. வழக்கமான சிகிச்சை நடக்கும், நடந்தது. ஆனால் மறுத்தது ஆய்வை அல்ல, ஒரு சொல்லை. அடுத்த வாரமே இன்னொரு தாத்தா, “சீரில்லாமன்னா, ஒழுங்கா பாக்க மாட்டீங்களா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

வாயால் சொல்லும்போது “சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரிம்மா” என்பேன், உடனே புரிந்துவிடும். இதைக் கேட்ட எங்கள் டாக்டர் மேடம், எதிக்ஸ் கமிட்டி (ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு) அனுமதித்த தாளில் ஒன்றும் நம் வாயில் ஒன்றுமாக இருக்கக் கூடாது என்றார். சரி, தாளையே மாற்றுவோம் என்று கிளம்பினேன்.

மொழிபெயர்த்துக் கொடுத்தவர்களைக் கேட்டால், “சீரற்ற முறை”தான் சரியான கலைச்சொல் என்றார்கள். வேண்டுமானால் “சமவாய்ப்பு” என்று போடலாமாம். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்துச் சொல். செஞ்சி அம்மாவுக்கு அதுவா உதவப் போகிறது? கடைசியில் மேடமும் நானுமே உட்கார்ந்து, “குலுக்கல்” என்றே போட்டு எழுதினோம்.

எழுதியது ஒரு மணி நேரம். பிறகுதான் கூத்து. எதிக்ஸ் கமிட்டி மாதம் ஒரு முறை கூடும், 15 நாள் முன்பே தாள் போய்விட வேண்டும். கவரிங் லெட்டர், மாற்றம் காட்டும் பிரதி, சுத்தப் பிரதி, மொழிபெயர்ப்புச் சான்றிதழ், 14 செட் ஜெராக்ஸ் என்று தூக்கிக்கொண்டு கடைசி நாள் மதியம் போய் நின்றேன். கிளார்க் புரட்டிவிட்டு, “பேக் ட்ரான்ஸ்லேஷன் எங்க?” என்றார். தமிழில் எழுதியதை வேறொருவர் மறுபடி ஆங்கிலமாக்கி, அதற்கும் சான்றிதழ் தர வேண்டும். ஒரு வாக்கியம்தானே சார் என்றேன். ஒரு எழுத்தானாலும் வேணும் என்றார். நாளைக் காலை தரட்டுமா என்றதற்கு, அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம் என்று கட்டைத் திருப்பித் தள்ளிவிட்டார். ஒரு மாதம் போச்சு.

அடுத்த முறை எல்லாம் இருந்தது. ஆனால் “குலுக்கல்” ஆங்கிலத்துக்குப் போய் “லாட்டரி” ஆகியிருந்தது. நான் கவனிக்கவில்லை, கமிட்டி கவனித்தது. பெற்றோருக்குப் பரிசு ஏதும் உண்டா, அது ஆசை காட்டுவதாகாதா என்று எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். தமிழ்நாட்டில் 2003-இல் தடை செய்த லாட்டரி எங்கள் படிவத்தில் உயிரோடு வந்து நின்றது! இன்னொரு மாதம் போச்சு. கட்டைக் கொடுப்பதற்கு முன் பேக் ட்ரான்ஸ்லேஷனை ஒரு முறை நீங்களே படித்துவிடுங்கள்.

மூன்றாவது முறை இப்படி எழுதினோம்: “பூவா தலையா போட்டுப் பார்ப்பதுபோல, உங்கள் குழந்தை எந்தக் குழு என்பதைக் கணினி முடிவு செய்யும். டாக்டரோ நர்ஸோ தேர்ந்தெடுப்பதில்லை.” கமிட்டியில் மருத்துவம் சாராத ஒரு பொது உறுப்பினர் இருப்பார். அவர் இதை உரக்கப் படித்து, இத்தனை பக்கத்தில் எனக்குப் புரிந்த வரி இதுதான் என்றாராம். மேடம் வந்து சொன்னபோது அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை.

அனுமதி வந்ததும் முடிந்தது என்று நினைத்தேன். ஏற்கெனவே சேர்ந்த 11 குடும்பங்களிடமும் புதுப் படிவத்தில் மறுபடி கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். அதையாவது அடுத்தடுத்த விசிட்டில் முடித்துவிட்டேன். ஆனால் நான் லீவில் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை, பிஜி டாக்டர் ஒருவர் மேசை டிராயரில் கிடந்த பழைய படிவத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டார். ஆய்வைச் சரிபார்க்க வந்த மானிட்டர் கண்டுபிடித்தது, அடிக்குறிப்பில் இருந்த பதிப்பு எண்ணை வைத்து. டீவியேஷன், அதாவது விதி மீறல், என்று எழுதிக் கமிட்டிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த அப்பா கட்டட வேலைக்காரர், கையெழுத்துக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரத் தயாராக இருந்தார். வேண்டாம்ணே, அடுத்த செக்கப்புக்கு வரும்போது போடுங்கள் என்று தடுத்தேன். தப்பு எங்களுடையது.

டிராயரில் பழையது ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒரே ஒரு பிரதியில் “செல்லாது” என்று எழுதி ஃபைலில் வையுங்கள், மற்றதைக் கிழித்துவிடுங்கள். பேனாவை நீட்டும் முன் பக்கத்தின் அடியைப் பாருங்கள். ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையிடம் பெற்றோர் முன்னிலையில் வாய்மொழிச் சம்மதம் கேட்பதையும், 12 தாண்டினால் எழுத்தில் வாங்குவதையும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். இன்னொன்று: வீட்டில் தினமும் யூரினில் புரதம் இருக்கிறதா என்று பார்த்து எழுதும் டைரி முப்பது நாளும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்தால் அது பஸ்ஸில் எழுதியது. திட்டாதீர்கள். எந்த நாள் உண்மையில் பார்த்தீர்கள் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

போன வாரம் சித்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தெலுங்குப் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். அந்த மூன்றாம் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, எனக்குப் படிக்கத் தெரியாது. வார்டில் தெலுங்கு தெரிந்த சிஸ்டர் திங்கள்கிழமைதான் டூட்டிக்கு வருகிறார்.