வரைபடத்தில் இல்லாத தாழ்வாரம்

அனுமதிக் கடிதம் போன வாரம் கைக்கு வந்துவிட்டது. எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். புதுச்சேரியில் மரபுக் கட்டடப் பட்டியலில் உள்ள வீட்டின் முகப்பைத் தொட வேண்டுமென்றால், மரபுக் குழுவின் கருத்து வந்த பிறகுதான் கட்டட அனுமதி என்பது இங்கே பழைய வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். எந்தப் படிவம், எத்தனை நகல் என்பதை அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். அவர்கள் சொல்லாமல் விடுகிற சங்கதிகளுக்காகத்தான் இது.

எங்கள் வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கிறது. கீழே தாழ்வாரம், திண்ணை, முற்றம். மாடியில் வளைவு ஜன்னலும் சுண்ணாம்புத் தூணும். கீழே நம்மூர், மேலே பிரெஞ்சு என்று இந்தப் பக்கம் நிறைய வீடுகள் அப்படித்தான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அதில் மாடித் தளம் ஒழுக ஆரம்பித்தது. தாழ்வாரத்து ஓடுகள் பாதி போயின. மரத்தூண்கள் நாலில் இரண்டின் அடிப்பாகம் உளுத்துப் போயிருந்தது. தளத்தைப் பழுது பார்க்க வேண்டும், தாழ்வாரத்தைச் சரி செய்ய வேண்டும், முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவுக்குப் பின்கட்டில் ஒரு கழிவறை வேண்டும். நாங்கள் கேட்டது இவ்வளவுதான். கழிவறைக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. தெருவிலிருந்து தெரியாது, பழைய சுவரையும் இடிக்கவில்லை.

தாழ்வாரத்தில்தான் மாட்டினோம். விண்ணப்பத்தை வாங்கிய எழுத்தர் சர்வே வரைபடத்தையும் எங்கள் வரைபடத்தையும் மேசையில் அருகருகே விரித்துவைத்துப் பார்த்தார்.

"மேடம், உங்க இடம் திண்ணையோட முடியுது. தாழ்வாரம் ரோட்டுல இருக்கு. உங்களுது இல்லாத இடத்துக்கு எப்படி பர்மிஷன் கேக்கறீங்க?"

"அப்போ தாழ்வாரத்தை விட்டுட்டு வரைஞ்சு கொண்டு வரட்டுமா?"

"அப்படிக் கொண்டு வந்தா அதை எடுத்துடப் போறீங்கன்னு ஆயிடும். லிஸ்ட்ல இருக்கிற வீடு, எடுக்கக் கூடாது."

அவர் சொன்ன இரண்டும் சரி. அதுதான் வயிற்றெரிச்சல். தாழ்வாரம் என்பதே தெருவில் போகிறவர்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க வீட்டுக்காரர் தன் செலவில் தெருப்பக்கம் இறக்கிவிட்ட கூரை. திண்ணை வரைக்கும்தான் மனை. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தொடர்ந்து போன கூரை அது. சாலைக்கும் கடைக்குமாக இடித்தது போக இன்று அங்கங்கே மிச்சம் இருக்கிறது. வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டப் பணத்தில், மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கிற இன்டாக் அமைப்பு முகப்புகளை வரிசையாகச் சீர்படுத்தியபோது தாழ்வாரங்களும் திரும்ப வந்தன. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருதே அந்தத் தெருவுக்குக் கிடைத்தது. விருது வாங்கித் தந்த அதே தாழ்வாரம், நிலக் கணக்கைத் திறந்தால் ஆக்கிரமிப்பு!

'இது ஆக்கிரமிப்பு இல்லை' என்று வேறொரு அலுவலகத்தில் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். அங்கே போனால், "அப்படி ஒரு லெட்டர் நாங்க கொடுக்கிறதே இல்லையேம்மா" என்றார்கள். அதையாவது எழுதிக் கொடுங்கள் என்றேன். கொடுப்பதில்லை என்பதையும் எழுதிக் கொடுப்பதில்லையாம். மதியம் ஒரு மணி வெயிலில் திரும்பி வந்தேன்.

வழி சொன்னவர் பழைய கட்டடங்களையே வேலையாக எடுத்துச் செய்கிற ஒரு பெண் ஆர்க்கிடெக்ட். இதைக் கவனமாகப் படியுங்கள், உங்கள் வீட்டுக்கும் தாழ்வாரம் இருந்தால் இதே கதைதான் நடக்கும். மனை எல்லையைச் சிவப்புக் கோட்டால் திண்ணையோடு நிறுத்தினார். தாழ்வாரத்தை அதற்கு வெளியே, ஏற்கெனவே இருக்கும் அமைப்பு என்று தனிக் கோடுகளால் காட்டினார். நீட்டம், உயரம், சரிவு எதுவும் மாறாது, உளுத்த மரத்துக்குப் பதில் அதே அளவு மரம், அதே ஓடு என்று பக்கத்திலேயே குறிப்பு. தூணுக்குத் தூண் எவ்வளவு, தூணின் கல்பாதத்திலிருந்து சாக்கடை விளிம்பு எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் டேப் வைத்து அளந்து எழுதினார். எங்கள் வீட்டை மட்டும் வரையாமல் இரண்டு பக்கத்து வீட்டு முகப்பையும் சேர்த்து வரைந்தார். குழு ஒரு வீட்டைத் தனியாகப் பார்ப்பதில்லை, தெருவோடு சேர்த்துத்தான் பார்க்கிறது. எங்கள் முதல் இன்ஜினீயர் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

கூடவே பழைய போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அத்தை கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை அழைப்பு படம் ஒன்று. மாப்பிள்ளைக்குப் பின்னால் தாழ்வாரத் தூண்கள் நாலும், மரச் சட்டத்தின் விளிம்பு வேலைப்பாடு உட்படத் தெளிவாக விழுந்திருந்தன. எழுத்தர் அந்தப் படத்தை மட்டும் நெடுநேரம் பார்த்தார். "இதை முதல்லயே வச்சிருக்கலாமே" என்றார். கேட்டால்தானே வைப்பது! ஆனால் கோப்பு அன்றைக்கே உள்ளே போனது. கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் சரி, வாசலில் எடுத்த படம் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

அந்த முதல் இன்ஜினீயர் பண்ணின இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு வேலை என்று படித்துப் படித்துச் சொல்லியும், மதிப்பீட்டில் சிமென்ட் பூச்சு, தளத்துக்குப் பதில் ஆர்.சி.சி. கூரை என்று எழுதிவைத்திருந்தார். ஊர் முழுக்கக் கொடுக்கிற அதே தாளில் எங்கள் பெயரை மாற்றி அடித்துக் கொடுத்திருக்கிறார். குழுவிலிருந்து திரும்பி வந்தது. வந்ததும் நல்லதுதான். சுண்ணாம்புச் சுவர் உள்ளே இழுத்த ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் போட்டு அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, கடற்காற்று உப்பும் சேர்ந்து, பூச்சு பாளம் பாளமாக விழும். பக்கத்துத் தெருவில் போய்ப் பாருங்கள், புரியும்.

எங்கள் மாடி மெட்ராஸ் டெரஸ். மரச் சட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்பில் மூலைவாட்டமாக அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டோடு. இதை ஒழுகுகிற இடத்தில் மட்டும் பிரித்துத் திரும்பச் செய்ய முடியும் என்று ஆர்க்கிடெக்ட் எழுதிக் கொடுத்ததும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். முழுக் கூரையையும் மாற்றுவதைவிடச் செலவும் குறைவு.

கையெழுத்து விவகாரம் தனி. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரிக்காத வீடு. பெரியப்பா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக, இருந்தவர், அவர் மகன் பாரீசில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் 'எனக்குச் சம்மதம்' என்று அண்ணன் அனுப்பியதை எந்த மேசையும் மதிக்காது. அங்கே இந்தியத் தூதரகத்தில் போய் அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இந்தக் கெடுவை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஆர்க்கிடெக்டின் உதவியாளர் தற்செயலாகக் கேட்டதால் பிழைத்தோம். இந்த ஊரில் பிரான்சில் பங்காளி இல்லாத பழைய வீடு எத்தனை இருக்கும்? முதல் வேலையாக இதை முடித்துக்கொள்ளுங்கள், வரைபடமெல்லாம் பிறகு.

குழுவிலிருந்து நேரில் பார்க்க வந்தவர்களைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பயந்துகொண்டிருந்தேன், ஆனால் நன்றாகப் பேசினார்கள். ஒருவர் குனிந்து, ஸ்கூட்டர் சாவியைத் தூணின் அடியில் அழுத்தினார். டீயில் ஊறின ரஸ்க்கில் இறங்குவது போல இறங்கியது. அடுத்த தூணிலும் அழுத்தினார், சாவி நின்றது. "இதை மாத்தாதீங்க, நல்லா இருக்கு" என்றார். நாலையும் மாற்றக் கேட்டிருந்தோம், இரண்டுக்குத்தான் அனுமதி. அதிலும் ஒன்றை முழுதாக எடுக்காமல், கெட்ட அடிப்பாகத்தை மட்டும் அறுத்துப் புது மரம் ஒட்டுப்போடச் சொன்னார்கள். தச்சர் முகம் சுளித்தார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மாடியில் முகப்பை ஒட்டி நிற்கும் சின்டெக்ஸ் தொட்டியைப் பின்பக்கம் தள்ளச் சொன்னார்கள். ஏ.சி. வெளி யூனிட், பிளாஸ்டிக் ஜன்னல், ஷட்டர் எதையாவது தெருப்பக்கம் வைக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. கூட்டம் நடந்தால்தான் கோப்பு நகரும், கூட்டம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. 2014 நவம்பர் மழையில் மேரி கட்டடம், பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி மன்றம், அப்படியே சரிந்து விழுந்ததைப் பார்த்த ஊர் இது. 1870 வாக்கில் கட்டினது, திரும்பக் கட்டித் திறக்க 2021 ஆனது. அது அரசாங்கத்தின் கட்டடம், காசு எங்கிருந்தாவது வந்தது. எங்கள் தளம் விழுந்தால் யார் கட்டித் தருவார்கள் என்று அலுவலக ஜன்னலில் நின்று கேட்டே விட்டேன். பதில் வரவில்லை, ஆனால் பக்கத்து மேசைக்காரர் ஒரு நல்ல யோசனை சொன்னார்: அனுமதிக்குக் காத்திருக்கும்போது முட்டுக் கொடுப்பதும் தார்ப்பாய் போடுவதும் தவறில்லை, செய்வதற்கு முன் ஒரு கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்படியே செய்தோம். பின்னால் யாரோ, அனுமதி இல்லாமல் வேலை நடக்கிறது என்று புகார் கொடுத்தபோது அந்த முத்திரை போட்ட நகல்தான் காப்பாற்றியது.

கடிதம் வந்ததும் நிபந்தனைப் பக்கத்தை முழுதாகப் படியுங்கள். எங்களுடையதில், வேலைக்கு முன், நடக்கும்போது, முடிந்த பின் என்று படம் எடுத்துக் கொடுக்க வேண்டும், கழற்றுகிற ஓடுகளில் நல்லதைத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்றிருக்கிறது. ஓடுகளைக் கழற்றும்போதே எண்ணி முற்றத்தில் அடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாயங்காலம் குப்பை வண்டியில் போய்விடும்.

கொத்தனாரை முன்பே பிடித்து வையுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இங்கே கொஞ்சம் பேர்தான், மழைக்காலத்தில் தளத்தைப் பிரிக்கவும் மாட்டார்கள். எங்கள் பெரியவரிடம் கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டு முழுக்கப் படித்துவிட்டு, "தை பொறக்கட்டும்மா" என்று திருப்பிக் கொடுத்தார். தார்ப்பாய் புதிதாக ஒன்று வாங்கியாயிற்று.