மிரிஸ்ஸ கடலில் நீலத் திமிங்கிலம்

இலங்கையின் தென்கரையிலுள்ள மிரிஸ்ஸ துறைமுகத்திலிருந்து விடியற்காலையில் எங்கள் படகு புறப்பட்டது. அங்கே கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித் தளமான கண்டத்திட்டு மிகக் குறுகலானது என்பதால், கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவிலேயே ஆழ்கடல் தொடங்கிவிடுகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அலையும் அடங்கியிருக்கும். உடலைச் சுழற்றித் துள்ளும் டால்பின்கள் முதலில் வந்து போயின.

பிறகு, பீய்ச்சியடித்த மூச்சுத் திவலைக்குக் கீழே, சாம்பல் புள்ளிகள் படர்ந்த நீல முதுகு நீண்டுகொண்டே போய், கடைக்கோடியில் சின்னஞ்சிறு துடுப்பைக் காட்டிவிட்டு மூழ்கியபோது, நீர்ப்பரப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல வழுவழுப்பான வட்டம் ஒன்று நின்றது. படகுகள் முண்டியடித்து நெருங்கியது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து, இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனையைச் சுற்றிச் செல்லும் சரக்குக் கப்பல்களே. அவை மோதித் திமிங்கிலங்கள் இறப்பதால், எம்.எஸ்.சி. என்ற கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களின் பாதையை மேலும் தெற்கே மாற்றிக்கொண்டது.