சைகை மொழியைத் தட்டச்சு செய்தல்: இதுவரை

சைகை மொழியை வீடியோவாகவோ படமாகவோ வைக்காமல், தேடவும் வெட்டி ஒட்டவும் முடிகிற எழுத்தாகவே ஒரு கோப்பில் வைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எடுத்துக்கொண்டது, வேலெரி சட்டன் 1974-இல் உருவாக்கிய சைன்ரைட்டிங்: கை, முகம், அசைவு ஆகியவற்றைச் சின்னச் சின்ன வடிவங்களாக வரைந்து சைகை மொழியை எழுதும் முறை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் ஓர் எண் தரும் தரமான யூனிகோட், 2015-இல் வந்த 8.0 பதிப்பில் அதற்கு 672 குறியிடங்களை (எழுத்துக்கு ஒன்றான எண்களை) ஒதுக்கியது. கை, அசைவு, தலை, உடல், நிறுத்தக்குறி என்று 652 அடிப்படை வடிவங்கள். மீதி 20-உம் தனியாக நிற்காது. முன்னால் இருக்கும் வடிவத்தோடு ஒட்டி அதன் தோற்றத்தை மாற்றும்.

சுவாரசியமே அந்த இருபதில்தான். வடிவத்தின் உள்ளே வெள்ளையா கறுப்பா என்று சொல்லும் ஐந்து நிரப்புக்குறிகள், அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லும் பதினைந்து சுழற்சிக்குறிகள். சைகை செய்பவர் தன் கையைத் தான் பார்ப்பதுபோலவே எழுதுவது வழக்கம்: வெள்ளை என்றால் உள்ளங்கை, கறுப்பு என்றால் புறங்கை, பாதிப்பாதி என்றால் பக்கவாட்டு. சுழற்சி 45 பாகை வீதம் நகரும். எட்டு திசை முடிந்ததும் அதே எட்டும் கண்ணாடிப் பிம்பமாக வரும், இடக்கைக்குத் தோதாக. முதல் நிரப்புக்கும் முதல் சுழற்சிக்கும் குறி எதுவும் போட வேண்டாம். வரிசை முக்கியம்: வடிவம், நிரப்பு, சுழற்சி.

எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் வெறும் கட்டங்கள்தான். நோட்டோ சான்ஸ் சைன்ரைட்டிங் என்ற எழுத்துருவை நிறுவியதும் ஆட்காட்டி விரல் நீட்டிய முஷ்டி சொன்னபடி திரும்பியது. அந்த ஒரு கைக்கே மூன்று குறியிடங்கள், கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 12 பைட். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியிடம் நீளம் கேட்டால் 6 என்கிறது, இந்தக் குறியிடம் ஒவ்வொன்றையும் அது இரண்டாக எண்ணுவதால்.

கை வந்துவிட்டது, சைகை வரவில்லை. கை நெற்றிக்கு அருகிலா, மார்புக்கு முன்னாலா என்பதில்தான் பொருளே இருக்கிறது. கையை அந்த இடத்தில் வைத்துக் காட்ட இந்த 672-இல் எதுவும் இல்லை. வரிசையாக அடித்தால் வடிவங்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. தமிழில் ‘கெ’ அடிக்கும்போது பின்னால் வரும் கொம்பை எழுத்துரு முன்னால் கொண்டுபோய் வைக்கிறது என்றால், அதற்கு ஒரே இடம்தான் என்பதால். இங்கே இடத்தை ஒவ்வொரு சைகைக்கும் எழுதுபவரே தீர்மானிக்கிறார். எழுத்துருவைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதனால், சைன்ரைட்டிங்கைச் சாதாரண ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் (ஆஸ்கி) எழுத ஸ்டீவ் ஸ்லெவின்ஸ்கி வகுத்த முறைக்குப் போனேன். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு சங்கேதம், கூடவே இரண்டு எண்கள்: கிடைமட்டத்தில் எங்கே, செங்குத்தில் எங்கே. 500, 500 நடுப்புள்ளி. பார்க்க அழகில்லை, ஆனால் அந்த இட எண்களைத் தவிர்த்துவிட்டுக் கைவடிவத்தை மட்டும் தேட முடிகிறது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

இப்போதைய ஏற்பாடு: முழுச் சைகைக்கு ஆஸ்கி சரம், அதைப் படமாக்க ஒரு சின்ன நிரல். கைவடிவத்தைப் பற்றி மட்டும் குறிப்பெழுதும்போது யூனிகோட். அடுத்தது முகம். புருவம், கண், வாய் எல்லாம் தலை வட்டத்தோடு சேரும் ஒட்டுக்குறிகளாகவே (அந்த இருபதில் சேராதவை) யூனிகோடில் இருப்பதால், கையைவிட அது எளிதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.