ஐந்தாம் ஸ்தலம்

தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளி. நாத்தனார் வந்து மாமியாருடன் இருந்ததால் எனக்கு மூன்று மணி நேரம் கிடைத்தது. மின்சார ரயிலில் பரங்கிமலையில் இறங்கி, புனித தோமையார் மலையின் அடிவாரத்துக்கு நடந்தேன்.

அத்தைக்குப் பக்கவாதம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சும் போய்விட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். "எவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொள்கிறாய்" என்று பங்குக் கோவிலில் பார்ப்பவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் கூசிப்போவேன். இது நான் கேட்டு வாங்கிய பொறுப்பு இல்லை. வீட்டில் இருந்தது நான்தான், அதனால் என்மேல் விழுந்தது. நள்ளிரவில் எழும்போது வாய்க்குள் என்னென்ன முணுமுணுப்பேன் என்பது கடவுளுக்குத்தான் தெரியும். குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அதை முழுதாகச் சொல்ல நா எழவில்லை.

அடிவாரத்தில் 1547 என்று பொறித்த சிலுவையைத் தாங்கி வளைவுகள் நிற்கின்றன. அதைக் கடந்தால் படிகள். இந்தப் படிகளை அமைத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-ல் பழைய மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் அவரே. ஆற்றையும் கடக்க வைத்து மலையையும் ஏற வைத்தவருக்காக, முதல் படியில் கால் வைக்கும்போது எப்போதும் ஓர் அருள்நிறை மரியே சொல்வேன்.

ஏறும் வழியில்தான், இயேசு சிலுவை சுமந்து போன நிகழ்வுகளை ஒவ்வொன்றாக நின்று செபிக்கும் சிலுவைப் பாதையின் 14 ஸ்தலங்களும் இருக்கின்றன. எருசலேமுக்குப் போக முடியாதவர்களும் ஆண்டவரின் பாடுகளோடு நடப்பதற்கென்று பிரான்சிஸ்கன் துறவிகள் ஊர் ஊராகப் பரப்பிய பக்தி இது. ஸ்தலங்கள் 14 என்று 1731-ல் உறுதிசெய்தவர் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெந்து. சிறுவயதில் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இவற்றைச் சுற்றியிருக்கிறேன். "எங்கள்பேரில் தயவாயிரும் சுவாமி" என்று ராகம் இழுத்தது நினைவிருக்கிறது, பொருள் மனத்தில் தங்கியதில்லை.

அன்று எனக்கு முன்னால் ஒரு குழு செபித்துக்கொண்டு போனது. நான் பின்தங்கித் தனியே ஏறினேன். ஐந்தாம் ஸ்தலத்தில் முழந்தாளிட்டேன். சீமோன் சிலுவை சுமக்க உதவுகிறார்.

உதவுகிறார் என்றுதான் இத்தனை காலமும் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் தன் நற்செய்தியில் மாற்கு எழுதியிருப்பது வேறு. வயல்வெளியிலிருந்து தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்த மனிதரைப் பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள். அவர் விரும்பிச் சுமந்தார் என்று எந்த நற்செய்தியிலும் இல்லை. இயேசுவின்மேல் இரக்கப்பட்டார் என்றும் இல்லை. மனத்துக்குள் சபித்துக்கொண்டே நடந்திருக்கலாம். இருந்தும் அந்தச் சில நூறு அடிகளில் ஆண்டவரின் தோளிலிருந்து இறங்கிய பாரம் உண்மையான பாரம். அலக்சாந்தர், ரூபு என்று அவருடைய பிள்ளைகளின் பெயர்களைக்கூட மாற்கு குறித்து வைத்திருக்கிறார்.

ஆறாம் ஸ்தலத்தில் வரும் வெரோணிக்கா நற்செய்தியில் இல்லை, மரபில் வந்தவள். தானாக முன்வந்து இயேசுவின் முகம் துடைத்த அவளைப் போல் நான் இல்லையே என்றுதான் இத்தனை நாள் அழுதேன். அவளுக்கு ஒரு ஸ்தலம் முன்னால் எனக்கும் ஓர் இடம் இருந்திருக்கிறது. அதைக் கவனிக்காமலே கடந்து போயிருக்கிறேன். முழங்கால் வலிக்கும்வரை அங்கேயே இருந்தேன். மற்ற ஸ்தலங்களில் என்ன செபித்தேன் என்று தெளிவாக நினைவில்லை.

உச்சியில் எதிர்நோக்கு அன்னையின் ஆலயம். பீடத்தில், 1547-ல் மண்ணைத் தோண்டியபோது கிடைத்த கல் சிலுவை, சுற்றிலும் பழைய பாரசீகத்தின் பகலவி எழுத்துகளோடு. இயேசுவின் சீடரான தோமையார் உயிர்விட்டதாக நம் முன்னோர் நம்பிய இடம். ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வெளியே வந்தேன். மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் தாழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. மணி ஆகிவிட்டது.

அன்றிரவு இரண்டு மணிக்கு அலாரம் அடித்தது. எரிச்சல் வந்தது, எப்போதும் போலவே. எழுந்து, அத்தையின் இடது கையை என் கழுத்தில் போட்டு, தோளைக் கொடுத்துப் புரட்டினேன்.